நாலு வார்த்தைக்காக ஒரு உயிர்

குரூப் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் டெமோ ஓடாமல் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கைடு முறைப்பார். நாலு பேர் மெதுவாகத் திரும்பி ஐந்தாவது ஆளைப் பார்ப்பார்கள். அந்த ஐந்தாவது ஆளுக்கு இங்கிலீஷில் ஸ்கேப்கோட் என்று பேர், நம்ம ஊரில் பலிகடா. இந்த ஸ்கேப்கோட் என்ற வார்த்தை 1530க்கு முன்னால் இங்கிலீஷில் கிடையாது. ஊர்ப் பாவத்தை எல்லாம் ஒரு ஆட்டின் தலையில் சுமத்தி, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் பழைய யூதச் சடங்கு ஒன்று பைபிளில் வருகிறது. அதை மொழிபெயர்க்க உட்கார்ந்த ஒருவர், பொருத்தமான வார்த்தை கிடைக்காமல் தானே செய்துகொண்டது அது.

அவர் பெயர் வில்லியம் டிண்டேல். கிரேக்கம், எபிரேயம் என்ற மூல மொழிகளிலிருந்து நேராக இங்கிலீஷுக்கு பைபிளைக் கொண்டுவந்த முதல் ஆள். அந்த வேலைக்காகவே அவரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடவுள் இல்லை என்று சொன்ன கூட்டம் கிடையாது. தினமும் அதே கடவுளின் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தவர்கள். சாமியோட புத்தகத்தை சாமியோட ஆட்களே ஏன் எரிக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை அவர் வாழ்க்கையைப் படிக்க வைத்தது. படித்து முடித்தபோது நான் நினைத்த மாதிரி வில்லன்கள் அங்கே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டிண்டேல் 1494 வாக்கில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய குளோஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1512இல் பி.ஏ., 1515இல் எம்.ஏ. முடித்தார். அங்கே அவருக்கு ஒரு கோபம். இறையியல் படிக்கப் போகிறவன் முதலில் பல வருஷம் தர்க்கமும் பழைய தத்துவமும் படித்தாக வேண்டும், அதற்கப்புறம்தான் பைபிளைத் தொட விடுவார்கள். மெஷினைத் தொடாமலே மெக்கானிக்கல் முடிப்பது எப்படி என்று நமக்குத் தெரியும், அதனால் இதை விளக்க வேண்டியதில்லை.

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து லிட்டில் சாட்பரி என்ற ஊரில் சர் ஜான் வால்ஷ் என்பவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் சேர்ந்தார். வால்ஷ் பெரிய மனுஷன். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து ஊர்ப் பாதிரியார்கள், மடத்துத் தலைவர்கள் எல்லாம் அடிக்கடி வருவார்கள். பேச்சு மதத்தின் பக்கம் திரும்பும். டிண்டேல் சும்மா இருக்க மாட்டார். அவர்கள் ஒன்று சொன்னால், இவர் பைபிளைத் திறந்து அது எங்கே இருக்கிறது என்று கேட்பார். பலருக்குப் பதில் தெரியாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே குளோஸ்டர் பகுதிக்கு 1551இல் பிஷப்பாக வந்த ஜான் ஹூப்பர், தன் கீழ் இருந்த 311 பாதிரியார்களுக்கு ஒரு வைவா வைத்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லத் தெரியவில்லை. இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியாதவர்கள் 27 பேர்.

சாப்பாட்டு மேசையில் தோற்றவர்கள் மேலே புகார் கொடுத்தார்கள். மறைமாவட்ட அதிகாரி டிண்டேலைக் கூப்பிட்டு நாயை விரட்டுவது போல விரட்டினார் என்று அவரே பின்னால் எழுதினார். தண்டனை எதுவும் கொடுக்கவில்லை, குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அப்போது அவரோடு வாதாடிய ஒரு பாதிரியார், கடவுளின் சட்டம் இல்லாமல்கூட இருந்துவிடலாம், போப்பின் சட்டம் இல்லாமல் முடியாது என்கிற அளவுக்குப் போய்விட்டாராம். அதற்கு டிண்டேல், ஆயுள் கிடைத்தால் ஏர் ஓட்டும் பையனுக்கு உங்களைவிட அதிகமாக பைபிள் தெரியும்படி செய்கிறேன் என்று சவால் விட்டார்.

அது வெறும் வாய்ச்சவால் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் தாமஸ் அரண்டெல் 1409இல் ஒரு சட்டம் போட்டிருந்தார். பிஷப்பின் அனுமதி இல்லாமல் யாரும் பைபிளை இங்கிலீஷில் மொழிபெயர்க்கக் கூடாது, அப்படிப்பட்டதைப் படிக்கவும் கூடாது. இதற்கு முன் லத்தீனிலிருந்து இங்கிலீஷ் பைபிள் வரக் காரணமாக இருந்த ஜான் விக்லிஃப் 1384இல் இறந்துவிட்டார். அவர் மேல் இருந்த கோபம் ஆறாமல், செத்து 44 வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து எரித்து ஆற்றில் கரைத்தார்கள். டிண்டேல் காலத்திலேயே, கவன்ட்ரி நகரில் பிள்ளைகளுக்கு ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்ததற்காக ஏழு பேரை எரித்தார்கள் என்று ஜான் ஃபாக்ஸ் தன் தியாகிகள் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது ஐரோப்பா முழுக்க இருந்த தடை இல்லை. ஜெர்மன் மொழியில் 1466லேயே பைபிள் அச்சாகிவிட்டது. இத்தாலியில் 1471. டச்சிலும் செக்கிலும்கூட வந்துவிட்டது. எல்லாம் அதே போப்பின் கீழ் இருந்த நாடுகள்தான். இங்கிலாந்தில் மட்டும் பூட்டு.

சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது: பிஷப்பின் அனுமதி. எனவே டிண்டேல் 1523இல் நேராக லண்டன் பிஷப்பிடம் போனார். அந்த பிஷப் கத்பர்ட் டன்ஸ்டால். நம்ம இதழில் இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கிலாந்தில் கணிதத்துக்கென்று மட்டும் அச்சான முதல் புத்தகம் இவர் எழுதியது, 1522இல், லத்தீனில். கிரேக்கம் அத்துபடி. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சில் வெளியிட்ட எராஸ்மஸின் நண்பர், அடுத்த பதிப்புக்கு உதவியும் செய்தவர். மூல மொழியின் அருமை தெரிந்த ஒரு ஆளை இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் இவரைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்க மாட்டார். டிண்டேல் தன் கிரேக்கத் திறமையைக் காட்ட, ஐசோக்ரட்டீஸின் உரை ஒன்றை மொழிபெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார். இன்டர்வியூவுக்கு போர்ட்ஃபோலியோ கொண்டுபோவது மாதிரி.

பிஷப் மரியாதையாகவே பேசினார். வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், லண்டனில் வேறு எங்காவது முயற்சி செய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

ஹம்ஃப்ரி மன்மத் என்ற துணி வியாபாரி தன் வீட்டில் ஆறு மாதம் தங்க வைத்தார். பின்னால் இதற்காகவே மன்மத்தைப் பிடித்து விசாரித்தபோது, அந்த மனிதன் ராத்திரி பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்தான், வேகவைத்த கறியும் நீர்த்த பியரும் தவிர எதுவும் கேட்கவில்லை என்று அவர் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் டிண்டேலுக்கு ஒன்று புரிந்தது. பிஷப் வீட்டில் மட்டும் இல்லை, இங்கிலாந்து முழுக்கவே இந்த வேலைக்கு இடம் கிடையாது. 1524இல் கப்பல் ஏறினார். அப்புறம் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1525இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சு வேலை தொடங்கியது. ரகசியம். ஆனால் அச்சகத்தில் வேலை செய்தவர்கள் குடித்துவிட்டு உளறிவிட்டார்கள். அதைக் கேட்டவர் கோக்லேயஸ் என்ற, புதுக் கருத்துகளுக்குக் கடும் எதிரியான ஒரு பண்டிதர். அவரே இன்னும் கொஞ்சம் ஒயின் ஊற்றிக் கொடுத்து முழு விவரத்தையும் வாங்கிவிட்டார். சோதனைக்கு ஆட்கள் வருவதற்குள் டிண்டேலும் உதவியாளரும் அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதியில் படகேறி வோர்ம்ஸ் நகருக்குத் தப்பினார்கள். மத்தேயு 22ஆம் அதிகாரம் வரைக்குமான ஒரு துண்டு மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது.

வோர்ம்ஸில் 1526இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தது. முதலில் திட்டமிட்டது பெரிய அளவில், ஓரக் குறிப்புகளோடு. இந்த முறை குறிப்பெல்லாம் வெட்டிவிட்டு, ஒரு தாளை மூன்று முறை மடித்தால் வரும் சின்ன அளவுக்கு மாற்றினார். பையில் போட்டுக்கொள்ளலாம், ஒளித்து வைக்கலாம். மொழிபெயர்த்தவர் பெயர் எங்கேயும் கிடையாது. துணிப் பொதிகளுக்கு நடுவே வைத்துக் கப்பலில் இங்கிலாந்துக்குள் கடத்தினார்கள்.

இனி டன்ஸ்டால் சும்மா இருக்க முடியாது. 1526 அக்டோபரில் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் முற்றத்தில் நின்று பிரசங்கம் செய்து, இந்தப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கில் பிழை இருக்கிறது என்று சொல்லி, சேகரித்த பிரதிகளைத் தீயில் போட்டார். கிரேக்கம் தெரிந்த மனிதர், கிரேக்கத்திலிருந்து வந்த புத்தகத்தை எரித்தார்.

அப்படி என்ன பிழை? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சண்டை முழுக்க ஒரு கைப்பிடி வார்த்தைகளைப் பற்றியது. முக்கியமானவை நாலு. கிரேக்கத்தில் எக்லேசியா என்றால் கூடி வந்த மக்கள். இங்கிலீஷில் அதற்கு சர்ச் என்று சொல்வது வழக்கம். சர்ச் என்றதும் அன்றைய மனிதனுக்கு மனசில் வந்தது கட்டடம், பிஷப், நீதிமன்றம், நிலம், போப். டிண்டேல் காங்கிரிகேஷன் என்று போட்டார், அதாவது கூட்டம், சபை. பிரஸ்பிட்டரோஸ் என்றால் வயதில் மூத்தவர். வழக்கத்தில் அது பலி செலுத்தும் அதிகாரம் கொண்ட பாதிரியார் என்று ஆகிவிட்டிருந்தது. டிண்டேல் மூத்தவர் என்றே போட்டார். மெட்டனோயா என்றால் மனம் மாறுவது. லத்தீன் பைபிளைப் பின்பற்றி அதைப் பரிகாரம் செய்வது என்று படித்துக்கொண்டிருந்தார்கள். பரிகாரம் என்றால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பரிகாரம் சொல்ல ஒருத்தர் வேண்டும், செய்து வைக்க ஒருத்தர் வேண்டும், அதற்குச் செலவு இருக்கும். டிண்டேல் மனந்திரும்பு என்று போட்டார். அதற்கு யாரும் நடுவில் தேவையில்லை. நாலாவது அகாபே. அதை சாரிட்டி என்பார்கள், அதில் தானதர்மத்தின் வாசனை இருந்தது. டிண்டேல் லவ் என்று போட்டார்.

தமிழ் பைபிள் வீட்டில் இருந்தால், அல்லது நண்பனிடம் இருந்தால், எடுத்துப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த நாலுக்கும் என்ன இருக்கிறது தெரியுமா? சபை, மூப்பர், மனந்திரும்புதல், அன்பு. யாரும் டிண்டேலைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. கிரேக்கத்தை நேர்மையாகப் படித்தால் வந்து சேரும் இடம் அது. நாம் சாதாரணமாகக் கண்ணால் தாண்டிப் போகும் இந்த நாலு வார்த்தைக்கு அன்று ஒரு ஆள் உயிரைக் கொடுத்தார்.

டிண்டேலுக்கு எதிராகப் பேனா எடுத்தவர் சாதாரண ஆள் இல்லை. தாமஸ் மோர், உடோப்பியா எழுதியவர், இங்கிலாந்தின் மிகச் சிறந்த மூளைகளில் ஒன்று. டன்ஸ்டாலே கேட்டுக்கொண்டதால் 1529இல் ஒரு புத்தகம் எழுதினார். டிண்டேல் 1531இல் பதில் எழுதினார். மோர் திரும்ப எழுதியது சுமார் ஐந்து லட்சம் வார்த்தைகள். அதில் ஒரு இடம் எனக்கு மறக்கவே இல்லை. டிண்டேல் கேட்டார்: உங்கள் நண்பர் எராஸ்மஸ்கூடத் தன் லத்தீன் மொழிபெயர்ப்பில் சபை என்ற பொருள் வரும் வார்த்தையைத்தானே பயன்படுத்தினார், அவரை ஏன் ஒன்றும் சொல்லவில்லை? மோரின் பதில், எராஸ்மஸிடம் கெட்ட நோக்கம் இல்லை, டிண்டேலிடம் இருக்கிறது என்பது. அப்படியென்றால் மொழிபெயர்ப்பு தப்பு இல்லை. லத்தீனில், படித்தவர்களுக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. ஏர் ஓட்டும் பையன் கையில் போனால்தான் அது பிழை.

எதிர்த்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்ததா என்று கேட்டால், பயம் இருந்தது என்பேன். 1525இல் ஜெர்மனியில் விவசாயிகள் கலகம் செய்து, அதை அடக்கியதில் பல்லாயிரம் பேர் செத்திருந்தார்கள். ஆளாளுக்கு பைபிள் படித்தால் இங்கேயும் இப்படித்தான் ஆகும் என்று மோர் உண்மையாகவே நம்பினார். ஆனால் ஒரு சோதனை போட்டுப் பார்க்கலாம். பிழைதான் பிரச்சினை என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? பிழை இல்லாத ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். டன்ஸ்டாலுக்குக் கிரேக்கம் தெரியும், பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், அனுமதி கொடுக்கும் அதிகாரமே அவருடையது. டிண்டேல் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு திருத்திய அதிகாரம்கூட வெளிவரவில்லை. கோடில் பக் இருக்கிறது என்று ரிப்போர்ட் போட்டவர்கள் ஒரு வரி ஃபிக்ஸ்கூட அனுப்பவில்லை.

எரித்தது பத்தாமல் விலைக்கு வாங்கி எரிக்கலாம் என்று டன்ஸ்டாலுக்கு ஒரு யோசனை. இதை எட்வர்ட் ஹால் என்ற அந்தக் கால வரலாற்றாசிரியர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆன்ட்வெர்ப் நகரில் பேக்கிங்டன் என்ற வியாபாரி, இருக்கும் பிரதிகளை எல்லாம் வாங்கித் தருகிறேன் என்று பிஷப்பிடம் சொன்னார். ஆள் டிண்டேலின் நண்பர் என்பது பிஷப்புக்குத் தெரியாது. பேக்கிங்டன் நேராக டிண்டேலிடம் போனார். பிஷப்பிடம் புத்தகம் போனது, பேக்கிங்டனுக்கு நன்றி கிடைத்தது, டிண்டேலுக்குக் காசு கிடைத்தது. அந்தக் காசில் கடனை அடைத்துவிட்டு, பழைய பதிப்பில் இருந்த தப்புகளைத் திருத்தி, இன்னும் அதிகமாக அச்சிட்டார். இங்கிலாந்துக்குள் மும்மடங்காகப் புத்தகம் வந்து இறங்கியது என்கிறார் ஹால். பின்னால் பிடிபட்ட ஒருவரிடம், உங்களுக்கெல்லாம் பணம் கொடுப்பது யார் என்று தாமஸ் மோர் விசாரித்தபோது, லண்டன் பிஷப்தான் என்று பதில் வந்ததாம்.

சிரித்து முடித்தாயிற்றா? இனிமேல் கதை சிரிக்கிற மாதிரி இல்லை.

டிண்டேல் எபிரேயமும் படித்தார். 1530இல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களை வெளியிட்டார். ஸ்கேப்கோட் வந்தது அப்போதுதான். அதற்குள் இங்கிலாந்தில் காற்று மாறிக்கொண்டிருந்தது. எட்டாம் ஹென்றி தன் மனைவி கேத்தரினைத் தள்ளிவிட்டு ஆன் போலினைக் கல்யாணம் செய்ய வழி தேடினார், போப் விடவில்லை. அரசர்கள் போப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று டிண்டேல் 1528இல் எழுதிய ஒரு புத்தகம் ஆன் போலின் வழியாக ராஜா கைக்குப் போனது. ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடத்தில் டிண்டேல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு இருப்பது. பதவி தேடி வந்திருக்கும். அவர் 1530இல் இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் ராஜாவின் விவாகரத்தும் தப்பு என்று எழுதிவிட்டார். போச்சு.

அப்படியும் 1531இல் ஸ்டீஃபன் வாகன் என்ற தூதர் ஆன்ட்வெர்ப் வந்து, நாடு திரும்பினால் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிப் பார்த்தார். டிண்டேலின் பதிலை வாகன் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். ராஜா சாதாரண மக்கள் மொழியில் பைபிளை அனுமதிக்கட்டும். என்னுடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை, யார் மொழிபெயர்த்தாலும் சரி. அன்றைக்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு வந்து ராஜாவின் காலில் விழுகிறேன், சித்திரவதையோ சாவோ என்ன கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இதைச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது என்று வாகன் எழுதுகிறார்.

அவரை நான் தெய்வமாக்கப் பார்க்கவில்லை. 1534இல் ஜார்ஜ் ஜாய் என்பவர் டிண்டேலின் மொழிபெயர்ப்பை எடுத்து, உயிர்த்தெழுதல் என்று வரும் சில இடங்களில் தன் இஷ்டத்துக்கு வேறு வார்த்தை போட்டு அச்சிட்டுவிட்டார். டிண்டேல் அதே வருஷம் வந்த தன் திருத்திய பதிப்பில், ஜாயைப் பிடித்து விளாசுவதற்கென்றே தனியாக ஒரு முன்னுரை சேர்த்தார். மாற்றுவதானால் உன் பெயரைப் போட்டுக்கொள் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்தக் காரத்தைப் பார்த்தால், என் வேலை, என் இடம் என்கிற குணம் அவருக்கும் கொஞ்சம் இருந்தது என்று தோன்றுகிறது.

1535இல் ஆன்ட்வெர்ப்பில் தாமஸ் பாய்ன்ட்ஸ் என்ற ஆங்கில வியாபாரியின் வீட்டில் இருந்தார். அங்கே ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற இளைஞன் வந்து பழகினான். அப்பா கொடுத்து அனுப்பிய பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்தவன். இப்போது கையில் தாராளமாகக் காசு. பாய்ன்ட்ஸுக்கு சந்தேகம் இருந்தது, டிண்டேலுக்கு இல்லை. மே மாதம் பாய்ன்ட்ஸ் வெளியூர் போயிருந்த சமயம் ஃபிலிப்ஸ் வந்தான். முதலில் டிண்டேலிடமே கொஞ்சம் பணம் கடன் வாங்கினான். பிறகு சாப்பிடப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலுக்குப் போகும் சந்து குறுகலானது. மரியாதைக்கு டிண்டேலை முன்னே விட்டு, உயரமான ஃபிலிப்ஸ் பின்னால் நடந்தான். வெளியே காத்திருந்த அதிகாரிகளுக்கு, டிண்டேலின் தலைக்கு மேலே விரலை நீட்டிக் காட்டினான்.

பிரஸ்ஸல்ஸுக்கு வடக்கே வில்வோர்ட் கோட்டையில் அடைத்தார்கள். பாய்ன்ட்ஸ் அவரை மீட்க அலைந்தார். அதற்காக அவரையே பிடித்துப் போட்டார்கள், தப்பி ஓடியதில் வியாபாரமே அழிந்தது. குளிர்காலத்தில் டிண்டேல் சிறையிலிருந்து லத்தீனில் எழுதிய ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. அவர் கையெழுத்தில் மிஞ்சியது அது மட்டும்தான். கொஞ்சம் சூடான தொப்பி வேண்டும், சளி தொல்லை தாங்கவில்லை. சட்டை தேய்ந்துவிட்டது, என் பழைய சூடான சட்டையைக் கொடுத்தனுப்புங்கள். ராத்திரி இருட்டில் தனியாக உட்கார முடியவில்லை, ஒரு விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிளும், எபிரேய இலக்கணமும், அகராதியும் வேண்டும். சாகப் போகிறவர் அகராதி கேட்டிருக்கிறார்.

அந்தச் சிறைக்காலத்தில்தான் லண்டனில் இன்னொன்று நடந்தது. 1535 ஜூலையில் தாமஸ் மோரின் தலையை வெட்டினார்கள். ராஜாவைத் திருச்சபைக்குத் தலைவர் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று 1532லேயே சான்சலர் பதவியை விட்டு விலகியவர் அவர். பின்னால் உயிரையும் விட்டார். அவர் அதிகாரத்தில் இருந்தபோது மாற்றுக் கருத்துக்காரர்கள் ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள், அதை அவர் சரி என்றே சொன்னார். ஆனால் தன் நாற்காலிக்காக அவர் இதைச் செய்யவில்லை, நாற்காலியைத்தான் தூக்கிப் போட்டாரே. அப்புறம் எதைக் காப்பாற்றினார்? என் மண்டையைக் குடைந்த கேள்வி இது. திருச்சபையின் அதிகாரம் வேறு, கடவுள் வேறு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைத் தொட்டதாகவே அவருக்குத் தெரிந்தது. சுயநலக்காரனைக்கூட வாங்கிவிடலாம், பேக்கிங்டன் வாங்கின மாதிரி. இப்படி மனசார நம்புகிறவரை ஒன்றும் செய்ய முடியாது.

லூவன் பல்கலைக்கழக இறையியலாளர்கள் டிண்டேலை விசாரித்தார்கள். எழுத்தில் வாதங்கள் போய் வந்தன. 1536 ஆகஸ்டில் அவருடைய குருத்துவத்தைப் பறித்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். இங்கிலாந்து ராஜாவின் கண்களைத் திறக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி வேண்டுதல் என்று ஃபாக்ஸ் எழுதுகிறார்.

ஒரு வருஷம்கூட முடியவில்லை. 1537இல் டிண்டேலின் நண்பர் ஜான் ராஜர்ஸ், அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்து, தாமஸ் மாத்யூ என்ற புனைபெயரில் முழு பைபிளைக் கொண்டுவந்தார். ராஜா அதற்கு அனுமதி கொடுத்தார். புனைபெயருக்குப் பின்னால் பெரும்பகுதி டிண்டேலுடையது. 1538இல் ஒவ்வொரு ஊர்ச் சர்ச்சிலும் இங்கிலீஷ் பைபிள் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு. அதற்காக 1539இல் கிரேட் பைபிள் என்ற பெரிய பதிப்பு வந்தது. அதிலும் புதிய ஏற்பாடு அடிப்படையில் டிண்டேலுடையதுதான். அதன் 1541ஆம் வருஷப் பதிப்பின் முகப்புப் பக்கத்தில், ராஜாவின் கட்டளைப்படி இதை மேற்பார்வையிட்டுச் சரிபார்த்தவர்கள் என்று இரண்டு பிஷப்புகளின் பெயர் இருக்கிறது. அதில் ஒருவர், அப்போது டர்ஹாம் பிஷப்பாக இருந்த கத்பர்ட் டன்ஸ்டால்.

1611இல் வந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பைபிளின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் டிண்டேலின் வார்த்தைகளே என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த மொழிபெயர்ப்புக் குழுவுக்குக் கொடுத்த விதிமுறைகளில் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது என்பது. சர்ச் என்பதைக் காங்கிரிகேஷன் ஆக்காதே என்று உதாரணத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். அன்பைப் பற்றிய அந்தப் பிரபலமான அதிகாரத்தில் லவ் போய் மறுபடியும் சாரிட்டி வந்து உட்கார்ந்தது. அது திரும்ப லவ் ஆக 1881 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1526இல் வோர்ம்ஸில் அச்சான அந்தச் சின்னப் புத்தகத்தில் இன்று உலகத்தில் இருப்பது மூன்று பிரதிகள். ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில், 1994இல் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. இன்னொன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில். மூன்றாவது, பக்கங்கள் குறைந்த ஒரு பிரதி, டன்ஸ்டால் தீ வைத்த அதே புனித பவுல் பேராலயத்தின் நூலகத்தில் இருக்கிறது.